ஏரெழுபதா, பள்ளா? மரபு வேளாண்மையை அசைவூட்டத்தின் வழிக் கற்பித்தல்

முன்னுரை

மரபு வேளாண் அறிவை இளந்தலைமுறையினரிடம் கொண்டுசேர்க்கும் கருவியாக, அனிமேஷன் என்று பெருவழக்காக அறியப்படும் அசைவூட்டக்கலை இன்று பல நிலைகளிலும் பரிந்துரைக்கப்படுகிறது. அதற்கான வழிகளும் முன்பைவிட எளிதாகியுள்ளன. 2018ஆம் ஆண்டு முதல் வெளிவந்த தமிழ்நாட்டுப் பள்ளிப் பாடநூல்களில் விரைவுக் குறியீடுகள் அச்சிடப்பட்டு, அவற்றின் வழியே காணொலிகள் இணைக்கப்பட்டன. 2019இல் கல்வித் தொலைக்காட்சி தொடங்கப்பட்டது. சிற்றூர்களிலும் கைப்பேசித் திரை பழகிய பொருளாகிவிட்டது. எனவே படத்தை எவ்வாறு கொண்டுசேர்ப்பது என்பது இன்று பெரிய சிக்கலன்று. எதைக் கொண்டுசேர்ப்பது என்பதே ஆராயத்தக்கது.

மரபு வேளாண்மையைப் பொருளாகக் கொண்ட குறும்படங்களுள் பெரும்பாலானவை ஒரே அச்சில் வார்த்தவை போன்றிருக்கின்றன. முழங்காலளவு உயர்ந்த பச்சை வயல், தலைப்பாகையும் முறுக்கு மீசையும் கொண்ட உழவர், இரண்டு வெண்ணிறக் காளைகள், பின்னணியில் ஒரு தெம்மாங்கு, நிறைவில் உழவின் பெருமையை உரைக்கும் ஒரு தொடர் என்பதே அவற்றின் பொதுவடிவம். இவற்றைக் கண்டு முடித்த மாணவர் உழவு உயர்ந்தது என்று அறிந்துகொள்வார். ஓர் உழவுக்கும் அடுத்த உழவுக்கும் இடையே மண்ணை ஏன் காயவிட்டார்கள், ஏரியிலிருந்து நீர் எவ்வழியே வெளியேறியது, மடையைத் திறந்தவர் யார், அவருக்குக் கூலி எப்படி அளக்கப்பட்டது என்பனவற்றுள் ஒன்றையும் அவர் அறிந்திருக்கமாட்டார். மரபின்மீது மதிப்பை உண்டாக்குவது ஒரு பணி. மரபைக் கற்பிப்பது வேறொரு பணி. இரண்டாவது பணிக்கு அசைவூட்டம் மிகவும் ஏற்ற ஊடகமாக இருந்தும், முதற்பணியோடு அது நின்றுவிடுகிறது. இக்குறைபாட்டைக் கலைஞர்களின் கவனக்குறைவு என்று மட்டும் கூறிவிட முடியாது. அவர்களுக்குத் தர வேண்டிய தரவுகளைத் தன்னிடமே வைத்துக்கொண்டிருக்கும் தமிழியல் ஆய்வுலகிற்கும் இதில் பங்குண்டு.

வரைபவர் அறிந்திருக்க வேண்டியவை

ஒளிப்படக் கருவிக்கும் வரையும் கைக்கும் ஓர் அடிப்படை வேறுபாடு உண்டு. ஒளிப்படக் கருவி, அதனை இயக்குபவர் அறியாதவற்றையும் பதிவுசெய்துவிடும். நுகத்தடியின் எந்தத் துளையில் பூட்டாங்கயிறு கோக்கப்பட்டுள்ளது என்பதை அறியாதவர் எடுத்த ஒளிப்படத்திலும் அக்கயிறு சரியான இடத்தில்தான் இருக்கும். அசைவூட்டக் கலைஞருக்கு இந்த வாய்ப்பில்லை. கயிறு எங்கே கோக்கப்படுகிறது, மேழியை உழவர் எக்கையால் பற்றுகிறார், கொழு மண்ணுள் எவ்வளவு ஆழம் இறங்குகிறது என்பவற்றை அவர் ஒவ்வொன்றாக முடிவுசெய்தாக வேண்டும். அறியாத இடத்தில் ஒன்று விட்டுவிடுவார். அல்லது கற்பனையால் நிரப்புவார். இவ்வகையில் அசைவூட்டப்படம் ஒவ்வொன்றும் அதனை உருவாக்கியோரின் அறிவைக் காட்டும் ஆவணமாகவும் அமைந்துவிடுகிறது.

நெற்பயிரின் உயரம் இதற்குத் தக்க சான்றாகும். சோழர் காலத்து வயலைக் காட்டும் படங்களிலும் பயிர் முழங்காலளவே வரையப்படுகிறது. இது 1966இல் ஐ.ஆர்.8 வெளியிடப்பட்டதைத் தொடர்ந்து பரவிய குட்டை நெல்லின் தோற்றம். மரபு நெல்வகைகளுள் பல நெடியவை. காட்டுயானம் ஆளுயரத்தையும் விஞ்சி வளரக்கூடியது. உயரம் மாறினால் வேளாண் வாழ்வே மாறிவிடுகிறது. நெடிய தாள் மாட்டுக்குத் தீவனமாயிற்று, கூரைக்கு வேய்ச்சலாயிற்று. தாளின் உயரத்தால் பயிர் காற்றில் சாய்ந்து இழப்பும் நேர்ந்தது. நெல்லையும் மாட்டையும் வீட்டையும் இணைத்த பொருள் வைக்கோல். பயிரைக் குட்டையாக வரைந்தவுடன் அந்த இணைப்பு முழுவதும் திரையிலிருந்து நீங்கிவிடுகிறது. நெல் ஜெயராமன் போன்றோர் தம் வாழ்நாளைச் செலவிட்டு ஏறத்தாழ 170 மரபு நெல்வகைகளை மீட்டளித்துள்ள நிலையில், அவற்றுள் சிலவற்றின் நாற்றையும் கதிரையும் நேரில் கண்டு வரைவது கடினமான செயலன்று.

செயற்கை நுண்ணறிவின் துணையால் நொடிப்பொழுதில் உருவாக்கப்படும் படங்கள் இந்நிலையை மேலும் சிக்கலாக்குகின்றன. நுகத்தடியின்றியே ஏர் நகர்வதும், கலப்பையின் உறுப்புகள் ஒன்றோடொன்று பொருந்தாமல் மிதப்பதும் அவற்றில் இயல்பாகக் காணப்படுகின்றன. பார்வைக்கு அவை அழகாகவே இருக்கின்றன, சிக்கலும் அதுவே.

அசைவூட்டத்தின் தனிச்சிறப்பு ஒளிப்படக் கருவி புகமுடியாத இடங்களில்தான் வெளிப்படுகிறது. திருக்குறளின் உழவு அதிகாரத்தில் 1037ஆம் குறள், ஒரு பல அளவுப் புழுதி காற்பலமாகும்படி காயவிட்டால் ஒரு பிடி எருவும் இல்லாமலே பயிர் செழிக்கும் என்னும் கருத்தைக் கூறுகிறது. வகுப்பறையில் இக்குறள் பெரும்பாலும் தொடி, கஃசு என்னும் அளவைச் சொற்களுக்குப் பொருள் கூறுவதோடு முடிகிறது. காய்தலின்போது மண்ணுக்குள் என்ன நிகழ்கிறது என்னும் வினா எழுவதில்லை. புரட்டப்பட்ட கட்டி வெயிலில் காயும்போது களையின் வேர் மேலே வந்து மடிகிறது. புழுக்களின் கூடுகள் பறவைகளுக்கு இரையாகின்றன. காய்ந்த மண் மீண்டும் நனையும்போது நுண்ணுயிர்களின் செயற்பாடு பெருகி ஊட்டங்கள் விடுபடுகின்றன என்று மண்ணியலார் கூறுவர். பல நாள் நிகழும் இம்மாற்றத்தை மண்ணின் குறுக்குவெட்டுத் தோற்றத்தில் இரண்டு நிமிடங்களில் காட்டிவிடலாம். அதன்பின் அக்குறளைப் படிக்கும் மாணவருக்கு அது அறிவுரையாகத் தோன்றாது; ஒருவர் கூர்ந்து கண்டறிந்து சொன்ன செய்தியாகத் தோன்றும்.

ஏரியின் உள்ளிருக்கும் கல்

மண்ணைப் போலவே நீரடியும் ஒளிப்படக் கருவிக்கு எட்டாதது. தமிழ்நாட்டில் ஏறத்தாழ 39,000 ஏரிகளும் கண்மாய்களும் உள்ளன எனக் கணக்கிடப்பட்டுள்ளது. பராந்தக சோழன் காலத்ததாகிய வீராணம் முதல் பெயரறியாச் சிற்றூர்க் குளம் வரை இவற்றின் அமைப்பில் மிக நுட்பமானது தூம்பு. புதுக்கோட்டைப் பகுதியில் கல்வெட்டுகளோடு காணப்படும் குமிழித்தூம்பு இவ்வகையில் குறிப்பிடத்தக்கது. கரையிலிருந்து சற்று உள்ளே, ஏரியின் தரையில் ஒரு கல்தொட்டி அமைக்கப்பட்டிருக்கும். அதன்மேல் இரண்டு கற்றூண்கள் நிற்கும். அவற்றைக் குறுக்குக் கற்கள் இணைக்கும். தொட்டியின் மேற்பலகையில் உள்ள துளையை ஓர் அடைப்பு மூடியிருக்கும். அடைப்போடு பொருந்திய கோலை மேலே உயர்த்தினால், நீர் துளைவழியே தொட்டிக்குள் இறங்கி, கரையின் அடியில் செல்லும் கற்கால்வாய் வழியாக வயலுக்குப் பாயும். மேலுள்ள துளை நீரோடி எனப்படும். தரையை ஒட்டித் தொட்டியில் அமைந்த துளைகள் சேறோடி எனப்படும். வண்டல் கலந்த நீர் அவ்வழியே உள்ளிழுக்கப்பட்டு வயலைச் சேரும். ஏரி தூர்ந்துபோவதைத் தாமதப்படுத்துவதும் வயலுக்கு வண்டலை வழங்குவதும் ஒரே செயலில் அடங்கிவிடுகின்றன.

இவ்விளக்கத்தை எத்துணைத் தெளிவாக எழுதினாலும் படிப்பவர் மனத்தில் உருவம் எளிதில் அமைவதில்லை. கல்வெட்டியல் வகுப்பில் இதனைக் கற்பிக்கும் ஆசிரியர் கரும்பலகையில் கோடு வரைந்தே விளக்க வேண்டியுள்ளது. நேரில் சென்றாலும் கோடையில் ஏரியின் நடுவே தனித்து நிற்கும் இரு தூண்களே தெரியும். அறியாதவர் அவற்றை இடிந்த மண்டபத்தின் எச்சம் என்று கருதக்கூடும். நீர் நிறைந்த காலத்தில் தொட்டியோ சேறோடியோ கண்ணுக்குப் புலப்படாது. நீரையும் கரையையும் வெட்டிக் காட்டி, வண்டல் நகரும் வழியை நிறத்தால் வேறுபடுத்தும் ஓர் அசைவூட்டம் கரும்பலகைக் கோடு செய்ய முயல்வதை முழுமையாகச் செய்துவிடும். இங்குப் படம் உரைக்கு அணியாக வரவில்லை. உரையால் இயலாததைச் செய்ய வருகிறது.

இத்தகைய முயற்சிக்கு ஜப்பானில் ஒரு முன்மாதிரி உண்டு. அசைவூட்டப்பட இயக்குநராக உலகப் புகழ்பெற்ற இசாவோ தகாஹாதா, 1987இல் யானகாவா என்னும் ஊரின் நீர்க்கால்வாய்களைப் பற்றி நீண்டதோர் ஆவணப்படம் எடுத்தார். சீர்கெட்டு, மூடப்படும் நிலைக்கு வந்த பழைய கால்வாய்களை ஊர்மக்களும் நகராட்சியும் சேர்ந்து தூர்வாரி மீட்ட வரலாறு அது. பெரும்பகுதி நேரடியாகப் படமாக்கப்பட்டது. நீர் எவ்வாறு தேக்கப்பட்டு, பகிரப்பட்டு, வடிகிறது என்பதை விளக்கும் இடங்களில் மட்டும் அவர் அசைவூட்டத்தைப் பயன்படுத்தினார். எங்கே வரைய வேண்டும், எங்கே வரையத் தேவையில்லை என்று அவர் கண்ட வரையறை கருதத்தக்கது. அவரே 1991இல் இயக்கிய ‘ஒமோய்தே போரோபோரோ’ என்னும் கதைப்படத்தில், யமகாட்டா பகுதியில் செந்தூரகப் பூவைப் பறித்துச் சாயப்பொருளாக்கும் தொழில் படிப்படியாக வரையப்பட்டுள்ளது. அப்படத்தைக் காண்பவர் கதையோடு ஒரு தொழிலின் வரிசையையும் கற்றுக்கொள்கிறார்.

பாட்டும் வேலையும்

பெரும்பாலான படங்களில் நாட்டுப்புறப் பாடல் பின்னணி இசையாகவே பயன்படுகிறது. ஏற்றப்பாட்டை இவ்வாறு பயன்படுத்துவதைப் போன்ற இழப்பு வேறில்லை. ஏற்றத்தின் துலாமரத்தின்மேல் ஒருவர் முன்னும் பின்னும் நடக்க, கீழே நிற்பவர் சாலை இறக்கி, நீரை முகந்து, வாய்க்காலில் ஊற்றுவார். ஒவ்வொரு சாலுக்கும் ஓரடி என்னும் முறையில் பாட்டு செல்லும். எத்தனையாவது சால் என்னும் எண் பாட்டினுள் கோக்கப்பட்டிருக்கும். இறைத்த நீரின் கணக்கும், மூச்சின் ஒழுங்கும், மேலே நடப்பவருக்கும் கீழே நிற்பவருக்கும் இடையிலான ஒத்திசைவும் அப்பாட்டில்தான் இருந்தன. பாட்டைப் பின்னணியாக்கி, திரையில் நீர் அதற்குத் தொடர்பில்லாத விரைவில் இறைக்கப்படும்போது, அளவுகோல் ஒன்று அலங்காரப் பொருளாகிவிடுகிறது.

ஏற்றம் இறைத்தவர் பாதியில் நிறுத்திய பாட்டின் அடுத்த அடியை அறியக் கம்பர் இரவு முழுதும் காத்திருந்தார் என்றொரு கதை வழங்குகிறது. அக்கதை பாமரர் கவித்துவத்தைப் புகழவே எடுத்துரைக்கப்படுகிறது. பாட்டு ஏன் நின்றது என்பது கதையிலேயே இருந்தும் கவனிக்கப்படுவதில்லை: பொழுது சாய்ந்தது, வேலை நின்றது, ஆகவே பாட்டும் நின்றது. இந்தப் பொருத்தத்தைக் காட்டுவதற்கு அசைவூட்டத்தைவிட ஏற்ற ஊடகம் அரிது. அசைவின் நொடியையும் ஒலியின் நொடியையும் ஒன்றோடொன்று இணைப்பதே அக்கலையின் அடிப்படைத் தொழில்நுட்பம். நாட்டார் வழக்காற்றியல் களப்பணியில் ஒலிப்பதிவு செய்யப்பட்ட ஒரு பாட்டை வைத்து, அதன் தாளத்திற்கேற்பச் சால் ஏறி இறங்குமாறு வரைந்தால், பாட்டின் பொருளையும் வேலையின் பளுவையும் ஒருங்கே உணர்த்தலாம்.

காலத்தைச் சுருக்குவதில் மட்டும் எச்சரிக்கை வேண்டும். நூற்றெண்பது நாள் பயிரை மூன்று நிமிடத்தில் வளர்த்துக் காட்டும் ஆற்றல் ஒரு வகையில் இவ்வூடகத்தின் குறையும் ஆகும். காத்திருத்தல் வேளாண்மையின் பெரும்பகுதி. ஆடிப்பட்டம் தேடிக் காத்திருந்து, மழை தவறி, மீண்டும் விதைத்த ஆண்டுகள் படங்களில் இடம்பெறுவதில்லை.

ஏரெழுபதும் பள்ளும்

வேளாண்மையைக் கலையாக்கும் முறையில் தமிழ் மரபு இரண்டு வழிகளைக் காட்டுகிறது. கம்பர் பெயரால் வழங்கும் ஏரெழுபது ஒரு வழி. ஏரின் உறுப்புகளையும் உழவின் செயல்களையும் ஒன்றன்பின் ஒன்றாக எடுத்து, ஒவ்வொன்றின் பெருமையையும் அது பாடுகிறது. அப்பெருமை நிலமுடைய வேளாளரின் பெருமை. மற்றொரு வழி பள்ளு. முக்கூடற்பள்ளில் நெல்வகை, மாட்டுவகை, மீன்வகை, கலப்பை உறுப்பு ஆகியன பெயர்பெயராக அடுக்கப்படுகின்றன. அவற்றோடு மூத்த பள்ளியும் இளைய பள்ளியும் இடும் சண்டையும், பண்ணைக்காரன் கணக்குக் கேட்பதும், பள்ளன் தொழுவில் மாட்டப்படுவதும் இடம்பெறுகின்றன. பள்ளும் உழைப்பவரின் சொந்தக் குரலன்று. அவரை நகைப்புக்குரியவராக்கும் இடங்கள் அதில் பல. ஆயினும் வயலில் யார் வேலை செய்தார், யார் அதிகாரம் செலுத்தினார், மீறினால் என்ன நேர்ந்தது என்பதைப் பள்ளு மறைக்கவில்லை.

இன்றைய மரபு வேளாண் அசைவூட்டங்கள் பெரும்பாலும் ஏரெழுபதின் வழியைப் பின்பற்றுகின்றன. அவற்றில் ஏரியைக் காத்தவர் என்று ‘ஊர்மக்கள்’ காட்டப்படுவர். ஆனால் நீரைப் பகிர்ந்தளித்தவர்களுக்கு நீர்க்கட்டி, நீராணிக்காரர், மடையர், கம்புகட்டி எனப் பகுதிதோறும் தனிப்பெயர் இருந்தது. பல ஊர்களில் அப்பணி ஒடுக்கப்பட்ட சாதியினரின் பரம்பரைக் கடமையாக இருந்தது. அறுவடைக் களத்தில் அளக்கப்பட்ட நெல்லே அவர்களின் ஊதியம். வெள்ளக் காலத்தில் நீருள் மூழ்கி மடை திறந்தவரை வரையாமல், கரைமேல் நின்று பார்ப்பவரை மட்டும் வரைவது எவ்வகை மரபுக்கல்வி என்பது எண்ணத்தக்கது.

உத்திரமேரூர்க் கல்வெட்டு மற்றொரு சான்று. ஏரி வாரியம் குறித்த செய்தியும் குடவோலை முறையும் மக்களாட்சியின் தொன்மைக்குச் சான்றாக அடிக்கடி எடுத்துக்காட்டப்படுகின்றன. வாரியத்திற்குத் தேர்ந்தெடுக்கப்படுவோர் காணிக்கடன் செலுத்தும் கால்வேலி நிலமேனும் உடையவராகவும், சொந்த மனையில் வாழ்பவராகவும், 35 முதல் 70 வரையிலான அகவையினராகவும், மறை கற்றவராகவும் இருக்க வேண்டும் என்று 921ஆம் ஆண்டுக் கல்வெட்டு விதிக்கிறது. குடத்திலிருந்து சிறுவன் ஓலையை எடுக்கும் காட்சி திரைக்கு அழகாகத்தான் இருக்கும். குடத்திற்குள் யாருடைய பெயர் எழுதப்படவில்லை என்பதையும் அதே திரையில் காட்டலாம். அதற்குக் கூடுதலாக ஒரு நிமிடம் போதும். அவ்வாறே குடிமராமத்து என்பது முழுக்க முழுக்க மனமுவந்த கூட்டுழைப்பு என்று காட்டுவதும் பொருந்தாது. அவ்வுழைப்பைச் சட்டத்தின் துணைகொண்டு பெறுவதற்காக 1858இல் சென்னை மாகாணத்தில் கட்டாய உழைப்புச் சட்டம் இயற்ற வேண்டியிருந்தது.

காவிரிப் படுகையின் நெல் மரபைக் காட்டும்போது பண்ணையாள் முறையை விட்டுவிட்டால் அம்மரபு பாதியாகவே எஞ்சும். 1952ஆம் ஆண்டின் தஞ்சாவூர்ச் சாகுபடியாளர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டமும், கூலிப் போராட்டத்தின் பின்னணியில் 1968 திசம்பர் 25 அன்று 44 பேர் எரித்துக் கொல்லப்பட்ட கீழவெண்மணியும் அந்நெல்லின் வரலாற்றைச் சேர்ந்தவை. சிறுவர்க்கான படத்தில் இவை எதற்கு என்னும் மறுப்பு எழலாம். பத்து வயதுச் சிறுவருக்கு வெண்மணியை வரைந்து காட்ட வேண்டும் என்பதன்று கருத்து. நடவு நடும் பெண்களின் முகங்களை ஒரே முகத்தின் படிகளாக வரையாதிருத்தல், கதிர் அறுத்தவர் வேறு, களத்தில் நெல்லை அளந்து வாங்கியவர் வேறு என்பதைக் காட்சியிலேயே புலப்படுத்தல் ஆகியவை சிறுவர்க்கும் எட்டும். மரபைப் பழுதற்ற பொற்காலமாகக் கற்ற மாணவர், தம் பாட்டியிடம் வயல்வேலை பற்றிக் கேட்கும்போது முற்றிலும் வேறொரு கதையைக் கேட்க நேர்ந்தால், அவர் எதனை நம்புவார்?

சொல்லும் குரலும்

இந்தியாவில் அசைவூட்டம் தொடக்கம் முதலே கல்விக் கருவியாகக் கருதப்பட்டுள்ளது. திரைப்படப் பிரிவில் 1956இல் கார்ட்டூன் பிரிவு தொடங்கப்பட்டு, அமெரிக்கக் கலைஞர் கிளேர் வீக்ஸ் இங்குள்ளோருக்குப் பயிற்சி அளித்தார். ஊடகத்தின் வழி உழவர்க்குக் கல்வி புகட்டும் பெருமுயற்சியாக, 1975–76இல் செயற்கைக்கோள் வழிக் கல்வித் தொலைக்காட்சிச் சோதனை ஆறு மாநிலங்களின் ஏறத்தாழ 2,400 சிற்றூர்களில் நடந்தது. இவற்றிலெல்லாம் அறிவு செல்லும் திசை ஒன்றே: வல்லுநரிடமிருந்து உழவருக்கு. மரபு வேளாண்மையைப் பொருளாகக் கொள்ளும்போது இத்திசை தலைகீழாக வேண்டும். உழவர் சொல்ல, கலைஞர் கற்க வேண்டும்.

அண்மைக்காலத்தில் அமெரிக்கப் பல்கலைக்கழகச் சூழலில் உருவான ‘எல்லைகளற்ற அறிவியல் அசைவூட்டங்கள்’ என்னும் அமைப்பு, ஒரே படத்திற்குப் பல மொழிகளில் குரல் சேர்த்துப் பல நாட்டு உழவர்க்கு வழங்கி வருகிறது. மேற்கு ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டில் நடந்த ஆய்வு, இத்தகைய படங்கள் வழக்கமான விரிவாக்கப் பயிற்சிக்குக் குறையாத கற்றல் பயனைத் தந்ததைக் காட்டியது. பயற்றைப் பூச்சியின்றிச் சேமிப்பது போன்ற செய்திகளுக்கு இம்முறை மிகவும் பொருந்தும். மரபைக் கற்பிக்க இது பொருந்தாது. ஓர் ஊரின் முறை அடுத்த ஊரினின்று வேறுபடும் இடத்தில்தான் மரபு இருக்கிறது. ஏரியின் மிகைநீர் வழியும் இடம் ஓரிடத்தில் கலிங்கு, மற்றோரிடத்தில் கலங்கல், நெல்லைப் பகுதியில் மறுகால். கிணற்றிலிருந்து மாடு கட்டி இறைப்பது கொங்கில் கவலை, தெற்கே கமலை. பொதுத்தமிழ்க் குரலொன்றில் ‘நீர் இறைக்கும் கருவி’ என்று கூறிச் செல்லும் படம், கூனை, வடம், வால்கயிறு, உருளை ஆகிய சொற்களைச் சொல்லாமலே அவற்றின் உருவங்களை மட்டும் காட்டுகிறது. சொல்லின்றிக் காட்டப்படும் பொருள் மாணவர் நினைவில் தங்குவதில்லை. தங்கினாலும் அதைப் பற்றித் தம் வீட்டு முதியவரிடம் பேச அவருக்கு வழியில்லை.

தமிழ்த்துறைகள் செய்யத்தக்கவை

கலைச்சொல் தொகுப்பு, கல்வெட்டு வாசிப்பு, நாட்டார் பாடல் பதிவு, சிற்றிலக்கிய ஆய்வு ஆகிய நான்கும் ஒரே கூரையின்கீழ் நடைபெறும் இடம் தமிழ்த்துறை. ஆந்திரத்தில் பத்ரிராஜு கிருஷ்ணமூர்த்தி தலைமையில் மாவட்டந்தோறும் களப்பணி செய்து, வேளாண் தொழிற்சொற்களுக்கென்றே ஒரு தெலுங்கு வட்டார வழக்கு அகராதி 1962இல் வெளியிடப்பட்டது. தமிழில் கி. ராஜநாராயணன் தொகுத்த வட்டார வழக்குச் சொல்லகராதி கரிசல் நிலத்திற்கு அத்தகைய பணியைத் தனியொருவர் முயற்சியாகச் செய்தது. பல்கலைக்கழகங்களில் அளிக்கப்பட்ட ஆய்வேடுகள் பலவற்றின் பின்னிணைப்புகளில் உழவுச்சொற்கள் பட்டியலாகக் கிடக்கின்றன. அவற்றுள் பெரும்பான்மைக்குப் படம் இல்லை. அசைவு அறவே இல்லை. பரம்பு என்றால் நிலத்தைச் சமப்படுத்தும் பலகை என்ற விளக்கம் மட்டும் இருக்கும். அதன்மேல் யார் நிற்பார், எத்திசையில் மாடு செல்லும், நீர் எவ்வளவு நிற்க வேண்டும் என்பவை இராது.

இவ்விடத்தில் தமிழறிஞர்களுக்கு நன்கு பழகிய பதிப்பு நெறியே வழிகாட்டக்கூடியது. ஒரு பழைய நூலைப் பதிப்பிப்பவர் ஏடுகளை ஒப்பிட்டு, பாடவேறுபாடுகளைக் குறித்து, ஒவ்வொரு பாடமும் எந்த ஏட்டில் கண்டது என்பதையும் தெரிவிக்கிறார். மரபுத் தொழிலை அசைவூட்டமாக்குபவரும் இதையே செய்யலாம். கலைஞர் முதல் வரைவை அத்தொழிலைச் செய்த முதியவரிடம் காட்டட்டும். ‘கயிறு இப்படி வராது, மாடு இவ்வளவு தூரம் இறங்காது’ என்று அவர் திருத்துவார். அத்திருத்தங்களே தரவுகள், நேர்காணலில் கேட்டுப் பெற முடியாத நுட்பங்கள் தவறான ஒரு படத்தைக் கண்டவுடன் வெளிப்படும். எந்த ஊரில், எந்தப் பருவத்தில், யார் காட்டிய முறை என்பது படத்தோடு இணைந்த குறிப்பாக அமைய வேண்டும். அடுத்த ஊரின் முறை வேறாயின் அது பாடவேறுபாடாகத் தனியே வரையப்பட வேண்டும். இவ்வாறு உருவாகும் நான்கு நிமிடப் படம் ஓர் ஆய்வுக்கட்டுரைக்கு நிகரான மதிப்பீட்டிற்கு உரியது. ஆய்விதழ்கள் அத்தகைய படங்களையும் மதிப்பீட்டிற்கு ஏற்கும் நிலை வர வேண்டும். ஆய்வாளர் பெறும் மதிப்பெண் கட்டுரைக்கு மட்டுமே என்றிருக்கும்வரை இப்பணிக்கு யாரும் முன்வரமாட்டார்.

உடலால் மட்டுமே கற்கத்தக்கவற்றை எந்தப் படமும் கற்பிக்காது என்பதும் உண்மையே. மேழியின் நடுக்கத்திலிருந்து மண்ணின் ஈரத்தை அறிவதை வரைந்து காட்ட இயலாது. ஆனால் அவ்வாறு அறிந்தவர்கள் இருந்தார்கள் என்பதையும், அவர்கள் எதைக் கவனித்தார்கள் என்பதையும் காட்ட முடியும்.

மின்இறைவைப் பொறிகள் பரவுவதற்கு முன், 1960களில் இருபது வயதில் கமலை இறைத்தவர்கள் இன்று எண்பதை நெருங்கியோ கடந்தோ இருக்கிறார்கள். ஆகவே பணிகளுள் முன்பின் தெரிவு செய்ய வேண்டும். நெல்வகைகள் விதையாக மீட்கப்பட்டுவிட்டன. அவற்றைப் பின்னரும் வரையலாம். குமிழித்தூம்பு கல்லாலானது, அது காத்திருக்கும். கமலையும் ஏற்றமும் காத்திரா. அவற்றை இயக்கியவரோடு கலைஞரும் ஆய்வாளரும் அமர்வதே முதற்பணி. அதற்கு ஒரு துறை, ஒரு வட்டம், நான்கைந்து முதியவர்கள், வரையத் தெரிந்த இரண்டு மாணவர்கள் போதும். தூம்பையும் உடன் அளந்துவிட எண்ணும் துறைக்கு ஒரு வசதி உண்டு. ஏரி வற்றிக் குமிழியின் அடித்தொட்டி வெளித்தெரியும் சித்திரை, வைகாசித் திங்கள்கள்தாம் பல்கலைக்கழகங்களின் கோடை விடுமுறைக் காலம்.